மனதை அளக்கக் கற்றுக்கொண்ட நூற்றாண்டு

உளவியல் என்ற அறிவியல் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தது என்றுதான் பெரும்பாலான பாடநூல்கள் தொடங்கும். வில்ஹெல்ம் வுண்ட் தன் ஆய்வகத்தில் மாணவர்களைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கிய ஆண்டு அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான தேதி. ஆனால் அதை மட்டும் தெரிந்துகொண்டால் உளவியல் ஏன் அறிவியலானது என்பது புரியாது. வுண்ட் கையாண்ட முறைகளில் பெரும்பகுதியை அவருக்கு முன்பே உடலியலாளர்களும், ஓர் இயற்பியலாளரும், வானியலாளர்களும் உருவாக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து தொடங்குவதே சரி.

முதலில், தடையாக இருந்தது என்ன? 1786-இல் தத்துவஞானி இமானுவேல் கான்ட், மனதைப் பற்றிய ஆய்வு ஒருபோதும் முறையான அறிவியல் ஆகாது என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. மன நிகழ்வுகள் காலத்தில் மட்டுமே ஓடுகின்றன, இடத்தை அடைப்பதில்லை; எனவே அவற்றின் மீது கணிதத்தைப் பொருத்த முடியாது. இன்னொன்று, ஒருவர் தன் மனதைக் கவனிக்கத் தொடங்கிய உடனே, கவனிக்கப்படும் மனநிலை மாறிவிடுகிறது. இரண்டுமே வலுவான வாதங்கள். அடுத்த நூறு ஆண்டுகளின் உளவியலை இந்த இரண்டுக்கும் பதில் தேடிய முயற்சியாகப் படித்தால் எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடும். முதல் தடையைத் தாண்டினார்கள். இரண்டாவதில் மோசமாகத் தடுக்கி விழுந்தார்கள்.

எடையில் தொடங்கிய அளவீடு

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வேபர், 1834-இல் தொடு உணர்வு பற்றிய தன் ஆய்வை லத்தீன் மொழியில் வெளியிட்டார். அவர் செய்த சோதனைகள் பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. காம்பஸின் இரண்டு முனைகளையும் ஒருவரின் தோலில் ஒரே நேரத்தில் வைத்து, ஒரு முனையா இரண்டு முனைகளா என்று கேட்பார். முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு என்று உணரத் தேவைப்படும் மிகக் குறைந்த இடைவெளியைக் குறித்துக்கொள்வார். விரல் நுனியில் அது சுமார் 2 மில்லிமீட்டர். முதுகில் 60 மில்லிமீட்டரைத் தாண்டும். உடம்பு ஒன்றுதான், தோலும் ஒன்றுதான். ஆனால் உணர்வின் நுட்பம் இடத்துக்கு இடம் முப்பது மடங்கு வேறுபடுகிறது.

எடைச் சோதனைதான் பெரிய விஷயத்தைத் திறந்துவிட்டது. இரண்டு எடைகளைத் தூக்கிப் பார்த்து எது கனம் என்று சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கத் தேவையான வித்தியாசம் இத்தனை கிராம் என்று நிலையாக இருக்கவில்லை. அது எடைக்கேற்ப வளர்ந்தது. கையால் தூக்கிப் பார்க்கும்போது ஏறக்குறைய 1/40 பங்கு வேறுபாடு இருந்தால் தெரிந்தது. கையைத் தூக்காமல் உள்ளங்கையில் வைத்து மட்டும் பார்த்தால் 1/30 பங்கு தேவைப்பட்டது. அதாவது 400 கிராமில் 10 கிராம் கூடினால் தெரியும். 4 கிலோவில் அதே 10 கிராம் கூடினால் தெரியாது, 100 கிராம் வேண்டும். விகிதம் மாறாமல் நிற்கிறது. மன நிகழ்வு ஒன்றைப் பற்றி எண்ணால் எழுதக்கூடிய முதல் பொதுவிதி இது.

இதை வீட்டிலேயே செய்துபார்க்கலாம். ஒரே அளவுள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆறு, அரிசி, கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். டப்பாவோடு சேர்த்து 400 கிராம் வரும்படி இரண்டை நிரப்புங்கள். அவற்றில் ஒன்று அடிப்படை டப்பா. மற்ற நான்கையும் 380, 390, 410, 420 கிராம் ஆக்குங்கள். சோதனைக்கு உட்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்படை டப்பாவை ஒருமுறை, ஒப்பிட வேண்டிய டப்பாவை ஒருமுறை, ஒரே கையால் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒப்பிட்ட டப்பா கனமா லேசா என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கு இடமில்லை. ஒவ்வொரு டப்பாவையும் குறைந்தது 20 தடவை, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கொடுங்கள். முடிவில் ஒவ்வொன்றையும் எத்தனை விழுக்காடு ‘கனம்’ என்றார் என்று கணக்கிட்டு வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். 50 விழுக்காட்டுக்கும் 75 விழுக்காட்டுக்கும் இடையே எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் அவரது வேறுபாட்டு வாசல், அதாவது அவரால் உணர முடிகிற மிகச்சிறு வேறுபாடு.

எங்கே தவறும்? டப்பாக்களின் அளவு வேறுபட்டால் சோதனையே கெட்டுவிடும். எடை ஒன்றாகவே இருந்தாலும் சின்ன டப்பா அதிகக் கனமாகத் தெரியும். அரிசி குலுங்கும் சத்தம் விடையைக் காட்டிக்கொடுக்கும், எனவே மூடிவரை இடைவெளி இல்லாமல் பஞ்சு வைத்து அடையுங்கள். அந்தப் பஞ்சையும் சேர்த்தே எடை பாருங்கள். இரண்டாவதாகத் தூக்கும் பொருளையே கனம் என்று சொல்லும் சாய்வு பலருக்கும் உண்டு. அதனால் பாதித் தடவை அடிப்படை டப்பாவை முதலிலும் பாதித் தடவை பின்னாலும் கொடுக்க வேண்டும். ‘சரி’, ‘தப்பு’ என்று இடையில் சொல்லவே கூடாது. கை களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும். இவையெல்லாம் சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். உளவியலை அறிவியலாக்கியது இந்தச் சில்லறை விஷயங்கள்தான் என்பேன்.

ஃபெக்னரின் காலை

குஸ்டாவ் ஃபெக்னர் லைப்சிக்கில் இயற்பியல் பேராசிரியர். ஒளி மறைந்தபின் கண்ணில் தங்கும் பிம்பங்களை ஆராய்வதற்காக வண்ணக் கண்ணாடி வழியே சூரியனை உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். பதவியை விட்டார், நீண்ட காலம் இருட்டறையில் கிடந்தார். மீண்டபின் அவர் மனம் உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவின் பக்கம் திரும்பியது. 1850 அக்டோபர் 22 காலை, படுக்கையில் இருந்தபோது அவருக்கு அந்த உறவை எழுதும் வழி புலப்பட்டது: புறத்தூண்டல் பெருக்கலாக வளரும்போது உணர்வு கூட்டலாக வளர்கிறது. தூண்டல் 1, 2, 4, 8 என்று இரட்டித்தால் உணர்வு 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு படியாக ஏறும். கணிதத்தில் இதற்கு மடக்கை உறவு என்று பெயர். அந்த நாளை உளவியலாளர்களில் ஒரு சாரார் இன்றும் ஃபெக்னர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இருண்ட அறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் வெளிச்சம் எவ்வளவு கூடிவிட்டதாகத் தெரிகிறது! நூறு மெழுகுவர்த்திகள் எரியும் கூடத்தில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. இந்த அன்றாட அனுபவத்துக்குத்தான் ஃபெக்னர் சூத்திரம் கொடுத்தார். வேபர் கண்டது வேறுபாட்டை மட்டும். ஃபெக்னர் அந்த மிகச்சிறு வேறுபாட்டையே உணர்வின் அலகாக எடுத்துக்கொண்டு, அவற்றை அடுக்கி உணர்வின் மொத்த அளவையே கணக்கிடலாம் என்றார். ‘மனதின் மீது கணிதத்தைப் பொருத்த முடியாது’ என்ற கான்ட்டின் முதல் வாதம் இங்கேதான் உடைந்தது.

தூண்டலுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவை அளக்கும் துறைக்கு அவர் வைத்த பெயர் உளஇயற்பியல். 1860-இல் வெளியான அவரது உளஇயற்பியல் நூல் மூன்று முறைகளை வகுத்துக் கொடுத்தது. தூண்டலைச் சிறுகச் சிறுகக் கூட்டியோ குறைத்தோ, உணர்வு மாறும் இடத்தைக் குறிப்பது முதல் முறை. இதில் இரண்டு பிழைகள் நுழையும்: ‘கேட்கிறது, கேட்கிறது’ என்று சொல்லிப் பழகியவர், ஒலி நின்ற பின்னும் அதையே சொல்வார், வேறு சிலர் ‘இப்போது மாறிவிடும்’ என்று எதிர்பார்த்து முன்கூட்டியே மாற்றிச் சொல்வார்கள். ஏறுவரிசையையும் இறங்குவரிசையையும் மாறி மாறிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் தொடங்கினால் இவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இரண்டாவது முறைதான் மேலே டப்பாக்களோடு செய்தது. மூன்றாவதில், சோதனைக்கு உட்படுபவரே கருவியைத் திருகி இரண்டு தூண்டல்களையும் சமமாக்க வேண்டும். அவர் செய்யும் பிழையின் சராசரியே அளவீடு. ஃபெக்னர் தானே எடைகளைத் தூக்கித் தூக்கிச் செய்த ஒரே சோதனைத் தொடரில் 24,576 தீர்ப்புகள் உண்டு. பொறுமைக்கு வேறு சான்று தேவையில்லை.

அவரது சூத்திரம் எல்லாப் புலன்களுக்கும் பொருந்தவில்லை. மின் அதிர்ச்சி போன்றவற்றில் தூண்டலைவிட உணர்வு வேகமாக ஏறுகிறது, 1950-களில் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் வேறு வடிவச் சூத்திரத்தை முன்வைத்தார். சூத்திரம் திருத்தப்பட்டது, முறைகள் அப்படியே நிற்கின்றன.

சிந்திக்க நேரம் ஆகிறது

இரண்டாவது பாதை வானியலில் தொடங்குகிறது. 1796-இல் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கலின், தன் உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். தொலைநோக்கியில் உள்ள கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்டபடி பத்தில் ஒரு வினாடிவரை மதிப்பிட வேண்டும். உதவியாளரின் கணிப்பு தலைவருடையதைவிட 0.8 வினாடி பிந்தி வந்துகொண்டிருந்தது. சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின் ஃப்ரீட்ரிச் பெசல் தேர்ந்த வானியலாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவர்களுக்கிடையேயும் இப்படிப்பட்ட நிலையான வேறுபாடு இருந்தது, சிலரிடையே ஒரு வினாடிக்கும் மேல். கின்னெப்ரூக் சோம்பேறி இல்லை. கண்ணும் காதும் தரும் செய்திகளை மனம் இணைப்பதற்கு ஆளுக்கு ஆள் வேறு நேரம் பிடிக்கிறது.

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்க வாய்ப்பே இல்லை என்று உடலியல் மேதை யோகானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அளந்து காட்டினார். தவளையின் கெண்டைக்கால் தசையை அதன் நரம்போடு எடுத்து, தசைக்கு அருகே ஓரிடத்திலும் தொலைவில் ஓரிடத்திலும் தனித்தனியாக மின்சாரத்தால் தூண்டினார். தசை சுருங்க ஆகும் நேரத்தில் கிடைத்த வித்தியாசமும், இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரமும் தெரிந்தால் வேகம் வந்துவிடுகிறது: வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியைவிடப் பன்மடங்கு மெதுவானது! மனிதர்களிடம் கால்விரலையும் தொடையையும் தூண்டி இதே கணக்கைச் செய்தபோது முடிவுகள் மிகவும் அலைந்தன. அவர் அந்த வழியை விட்டுவிட்டார்.

அலைந்ததற்குக் காரணம் இருந்தது. தூண்டலுக்கும் செயலுக்கும் நடுவே நரம்பு மட்டும் இல்லை, முடிவெடுக்கும் மனமும் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃப்ரான்சிஸ்கஸ் டோண்டர்ஸ் அந்தத் தொல்லையையே ஆய்வுப் பொருளாக்கினார். எந்தக் காலில் மின் தூண்டல் வரும் என்று முன்பே தெரிந்தால் அந்தப் பக்கத்துக் கையை அசைக்க ஒரு நேரம் ஆகிறது. எந்தக் கால் என்று தெரியாவிட்டால் கூடுதல் நேரம் ஆகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1/15 வினாடி. இடமா வலமா என்று அறிந்து தேர்ந்தெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம் அதுதான் என்றார். 1868-இல் இதை விரித்து, ஒரே ஓர் ஒலிக்குப் பதில் சொல்வது, பல ஒலிகளில் எது வந்தாலும் அதையே திருப்பிச் சொல்வது, பலவற்றில் குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்வது என மூன்று வேலைகளை வகுத்தார். மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பிரித்தறியும் நேரம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் தேர்ந்தெடுக்கும் நேரம்.

கழித்தல் அழகாக இருக்கிறது. ஆனால் வேலையில் ஒரு படியைச் சேர்த்தால் மற்றப் படிகள் மாறாமல் இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1888-இல் லுட்விக் லாங்கே, கவனத்தை வரப்போகும் ஒலியில் வைப்பதா, அசைக்கப்போகும் விரலில் வைப்பதா என்பதைப் பொறுத்து எளிய எதிர்வினையிலேயே சுமார் 0.1 வினாடி வித்தியாசம் வருவதைக் காட்டினார். டோண்டர்ஸ் கழித்துக் கண்ட நேரத்தைவிட அது பெரிது. மூளையின் ஸ்கேன் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் இன்றைய ஆய்வுகளும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. இதே கேள்வியை அவையும் எதிர்கொள்கின்றன.

லைப்சிக்கின் அறைகள்

ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராக இருந்த வுண்ட், 1874-இல் உடலியல் சார்ந்த உளவியலுக்கு ஒரு பெருநூலை வெளியிட்டு, 1875-இல் லைப்சிக்குக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். கருவிகள் வைக்கப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய அறையில் 1879-இல் மாக்ஸ் ஃப்ரீட்ரிச் என்ற மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். அங்கே புதிதாக வந்தது கருவியைவிட ஏற்பாடுதான். ஒரே கேள்வியைப் பல மாணவர்கள் பகிர்ந்து ஆராய்ந்தார்கள். ஒருவர் சோதனை நடத்துவார், இன்னொருவர் உட்படுவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். வுண்ட்டே உட்பட்டு உட்கார்ந்திருக்கிறார். முடிவுகளை வெளியிட ஆய்விதழ் வந்தது. 180-க்கும் மேற்பட்டோர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றுப் பல நாடுகளுக்குப் போய் அதே மாதிரி ஆய்வகங்களை அமைத்தார்கள்.

முக்கியக் கருவி ஹிப் க்ரோனோஸ்கோப் என்ற கடிகாரம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிவரை காட்டும். மின்காந்தம் முள்ளைப் பிடித்து விடும். மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் காந்தம் விடும் நேரம் மாறி அளவு பிழைத்துவிடும். ஆகவே குறிப்பிட்ட நேரத்தில் விழும் என்று தெரிந்த சுத்தியலை விழவைத்து, கடிகாரம் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே வேலை தொடங்கும். அமெரிக்க மாணவர் ஜேம்ஸ் கேட்டல் இந்த ஆய்வகத்தில் செய்த அளவீடுகளில் ஒன்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் சுவையாக இருக்கும்: பழக்கமான சொல்லை முழுதாக அடையாளம் காண, தனி எழுத்தை அடையாளம் காண ஆகும் நேரமே ஏறக்குறையப் போதும். தேர்ந்த வாசகர் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை.

கான்ட்டின் இரண்டாவது வாதத்துக்கு வுண்ட் வைத்திருந்த பதில் கட்டுப்பாடு. கவனிப்பவருக்கு நிகழ்வு எப்போது தொடங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர் கவனம் குவிந்திருக்க வேண்டும், நிகழ்வைத் திரும்பத் திரும்ப நடத்த முடிய வேண்டும், நிபந்தனைகளை மாற்றிப் பார்க்க முடிய வேண்டும். ஒளி, ஒலி, நேரம் போன்ற எளியவற்றுக்கே இது பொருந்தும். மொழி, சிந்தனை, வழக்காறு போன்றவற்றை ஆய்வகத்தில் ஆராய முடியாது என்று அவரே வரம்பு கட்டினார். அவற்றுக்காக 1900 முதல் 1920-இல் இறக்கும்வரை பத்துத் தொகுதிகள் தனியே எழுதினார். வுண்ட் என்றால் ஆய்வகம் மட்டுமே என்று படிப்பவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

மறதியின் கணக்கு

நினைவைச் சோதனையால் அளக்கலாம் என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் காட்டினார். ஆய்வகம் அவருக்கு இல்லை, உதவியாளர் இல்லை, சோதனைக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. அர்த்தமுள்ள சொற்கள் பழைய நினைவுகளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மெய்-உயிர்-மெய் அமைப்பில் சுமார் 2300 பொருளற்ற அசைகளைத் தயாரித்தார். தமிழில் இதை முயன்றால் கவனம் தேவை: கல், நெய், பால், மண் என்று ஓரசைச் சொற்கள் நம்மிடம் ஏராளம். ‘ழிண்’, ‘பௌத்’, ‘மெஞ்’ மாதிரி எதையும் நினைவூட்டாதவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 150 துடிப்பு என்ற சீரான வேகத்தில் வாசித்து, தடங்கலின்றிச் சொல்ல வரும்வரை எத்தனை வாசிப்பு, எவ்வளவு நேரம் என்று குறித்தார். ஏழு அசைகள் ஒரே வாசிப்பில் வந்துவிட்டன. பன்னிரண்டுக்கு 17 வாசிப்புகள்வரை, பதினாறுக்கு 30 வாசிப்புகள் தேவைப்பட்டன. மறதியை அளக்க அவர் கண்ட வழி அற்புதமானது. ‘நினைவிருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரலாம். ஆனால் மறுபடி படிக்கும்போது நேரம் மிச்சமானால் ஏதோ தங்கியிருக்கிறது என்று பொருள். முதலில் 1000 வினாடியில் படித்ததை மறுநாள் 663 வினாடியில் படித்தால் மிச்சம் 33.7 விழுக்காடு. அவருக்கு ஒரு நாளுக்குப் பின் கிடைத்ததும் அதுவே. 20 நிமிடத்தில் மிச்சம் 58.2, ஒரு மணி நேரத்தில் 44.2, ஆறு நாளில் 25.4, 31 நாளில் 21.1. முதல் மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது; அதன் பிறகு ஒரு மாதம் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு போகாமல் நிற்கிறது. இதில் ‘உள்ளே என்ன உணர்ந்தாய்’ என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அகநோக்கு தோற்ற இடம்

வுண்ட் கட்டிய வேலியை அவருடைய மாணவர்களே தாண்டினார்கள். வூர்ட்ஸ்பர்க் நகரில் ஓஸ்வால்ட் கூல்பேயைச் சுற்றியிருந்தவர்கள் சிந்தனையையே சோதிக்கத் தொடங்கினார்கள். 1901-இல் கார்ல் மார்பே பழைய எடைச் சோதனையையே எடுத்துக்கொண்டு, கனமானது எது என்று தீர்மானித்த கணத்தில் மனதில் என்ன இருந்தது என்று கேட்டார். இப்படித் தன் மனதைத் தானே பார்த்துச் சொல்வதுதான் அகநோக்கு. உட்பட்டவர்கள் சரியாகத் தீர்ப்புச் சொன்னார்கள், ஆனால் தீர்ப்பு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை! பிம்பமே இல்லாத சிந்தனை உண்டு என்று வூர்ட்ஸ்பர்க் குழு முடிவுக்கு வந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிட்ச்னர் தன்னிடம் பயின்றவர்களைக் கேட்டு, நுட்பமான உடலுணர்வுகளும் பிம்பங்களும் இருக்கின்றன, வூர்ட்ஸ்பர்க்கினர் சரியாகக் கவனிக்கவில்லை என்றார். 1907-இல் வுண்ட், அந்தக் குழு செய்வது சோதனையே இல்லை என்று கடுமையாக எழுதினார்.

இந்த வழக்கைத் தீர்க்க வழியே இல்லை. எடையை யார் வேண்டுமானாலும் மறுபடி தூக்கிப் பார்க்கலாம். இன்னொருவரின் மனதுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கான்ட் எச்சரித்த பள்ளம் இதுதான். 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப் பெட்டியில் அடைத்து அவை வெளியேற எடுக்கும் நேரத்தை மட்டும் குறித்தார். இவான் பாவ்லவ் நாய்களின் உமிழ்நீர்த் துளிகளை எண்ணினார். அகநோக்கு இல்லாமலே ஆய்வு நடந்தது. 1913-இல் ஜான் வாட்சன், உளவியல் நடத்தையை மட்டும் ஆராயட்டும், உணர்வுநிலை என்ற பேச்சே வேண்டாம் என்று அறிவித்தார். நோய்க்கு மருந்து தேவைப்பட்டது உண்மை. ஆனால் வாட்சன் கொடுத்த அளவு அதிகம் என்றே நினைக்கிறேன். சிந்தனையும் நினைவும் அமெரிக்க உளவியலின் மையத்துக்குத் திரும்ப இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்த வழி

லைப்சிக்கின் கிளைகள் நம் பக்கமும் நீண்டன. வுண்ட்டின் மாணவர் ஹ்யூகோ முன்ஸ்டர்பர்க் ஹார்வர்டில் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறையைத் தொடங்கினார். வுண்ட்டிடம் பட்டம் பெற்ற இன்னொருவர் சார்லஸ் ஸ்பியர்மன். அவரிடம் லண்டனில் பயின்ற எம். வி. கோபாலசாமி 1924-இல் மைசூரில் துறையை அமைத்தார். (1935-இல் அங்கே ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் தனியார் வானொலி நடத்தியவரும் அவரே.) சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் துறை உருவானது.

நம் கல்லூரிகளின் உளவியல் செய்முறை வகுப்பில் கைக்கு வரும் பலகைகளில் ஒன்று முல்லர்-லையர் பலகை. 1889-இல் வெளியான ஒரு கண்மயக்கத்தைச் சார்ந்தது அது: இரண்டு கோடுகளும் ஒரே நீளம், ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியும் மற்றதில் வெளிநோக்கி விரிந்தும் இருக்கும்; விரிந்தது நீளமாகத் தெரியும். நகரும் பகுதியைத் தள்ளி இரண்டையும் சமமாக்க வேண்டும். ஃபெக்னரின் மூன்றாவது முறை இதுவே. 20 தடவை செய்வதென்றால் 10 தடவை மிக நீளமான நிலையிலிருந்து உள்ளே தள்ளியும், 10 தடவை மிகக் குட்டையான நிலையிலிருந்து வெளியே இழுத்தும் தொடங்குங்கள். ஒவ்வொரு பத்திலும் பாதியில் பலகையைத் திருப்பி, நிலையான கோட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள். அளவுகோல் இருக்கும் பின்பக்கத்தை உட்படுபவர் பார்க்கக் கூடாது. சராசரியிலிருந்து நிலையான கோட்டின் நீளத்தைக் கழித்தால் மயக்கத்தின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். உள்ளே தள்ளிய பத்தின் சராசரியையும் வெளியே இழுத்த பத்தின் சராசரியையும் தனித்தனியே எழுதிவையுங்கள். அவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அது கை நகர்ந்த திசையால் வந்த பிழை. அதைக் குறிப்பேட்டில் மறைக்காமல் பதிவுசெய்ய வேண்டும்.